பஹ்ரைனா, லுசாக்காவா

அந்த வருஷ விடுமுறைக்கு வந்த என் வீட்டுக்காரர் ஓரிடத்தில் உட்காரவே இல்லை. காப்பியைக் கையில் கொடுத்தால் அதையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே கடல் தெரியும். புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உள்ளே இடம் கிடைக்காத கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்ப்பார்.

"அந்தக் கறுப்புக் கப்பலு நேத்தைக்கும் அங்கனதான் நின்னுது. ஏன் இன்னும் உள்ள கூப்பிடாம வச்சிருக்கானுவ?"

"உங்களுக்கு என்ன அவசரம்? அதுல உங்க மாமனா வாராரு?" என்று நான் துணி உலர்த்தியபடி கேட்பேன். அவருக்குச் சிரிப்பு வராது. ஒன்று வெளியே காத்து நின்றால் அவருக்கு உடம்பு தாங்காது. அவர் வேலை அப்படிப்பட்டது.

மெட்ராசில் விமான நிலையத்தின் டவரில் அவருக்கு வேலை. வருகிற விமானத்தை எப்போது இறக்குவது, எந்த உயரத்தில் நிறுத்தி வைப்பது, எதை முதலில் விடுவது என்றெல்லாம் மைக்கில் சொல்கிறவர். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த எனக்கு அது புரியவில்லை என்று கல்யாணமான புதிதில் சமையல்கட்டிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "இட்லித் தட்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கிது பாத்தியா? மேகம் கறுத்துக்கிட்டா பிளேனும் இப்படித்தான் மேல மேல நின்னு வட்டம் போடும். அடித்தட்ட வெளிய எடுத்தாத்தான் அடுத்த தட்டு எறங்கலாம். நடுவுல உள்ளது அவசரப்பட்டுச்சோ, அம்புட்டும் போச்சு." அன்று முதல் இட்லி அவிக்கும்போதெல்லாம் என்னையறியாமல் மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொள்வேன்.

தெருவில் எல்லாரும் அவர் விமானம் ஓட்டுகிறார் என்றே நினைத்தார்கள். மாமி, அதாவது அவருடைய அம்மா, விடமாட்டார். "என் மவன் ஓட்டமாட்டான். ஓட்டுதவன ஏசுவான்" என்று பெருமையோடு திருத்துவார்.

நான் மாமியோடு தூத்துக்குடியில். அவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நாலைந்து பேரோடு ஓர் அறையில். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்த பிறகும் குடும்பத்தோடு இருக்க அரசாங்க வீடு கிடைக்கவில்லை. அவரோடு டவரில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் எழுதிப் போட்டார். இரண்டு இடத்திலிருந்து வரச்சொல்லிப் பதில் வந்துவிட்டது. ஒன்று பஹ்ரைன். இன்னொன்று ஆப்பிரிக்காவில், ஜாம்பியா என்ற நாட்டில், லுசாக்கா. எது என்று முடிவுசெய்து விடுமுறை முடிவதற்குள் தந்தி கொடுக்க வேண்டும். அதுதான் அவரை ஓரிடத்தில் உட்காரவிடாமல் செய்தது. என்னையும்தான்.

பஹ்ரைனுக்கு அவர் மட்டும் போகலாம். குடும்பத்தை அழைத்துக்கொள்வது பிற்பாடு பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். லுசாக்காவில் வீடு தருவார்கள், நாங்களும் கூடப் போகலாம்.

எங்கள் கரையில் ஆண்கள் போவார்கள், பெண்கள் இருப்பார்கள். அது யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே வந்தது. நான் பிறந்தது புன்னைக்காயலில். என் அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். போனால் காற்று திரும்பும்வரை வரமாட்டார். ஒருதரம் அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் என் தங்கச்சி ஓடிப்போய், "அப்பா, எப்ப போவிய?" என்று கேட்டாள். வந்ததில் உள்ள சந்தோஷம்தான். விருந்தாளியிடம் கேட்பதுபோல் கேட்டுவிட்டாள். அப்பா கையில் வைத்திருந்த பொட்டலத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

இந்த விடுமுறைக்கு அவரை அழைக்க ரயிலடிக்குப் போனபோது, என் சின்ன மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னார். அன்றைக்கே நினைத்துவிட்டேன், இவர் எங்கே போனாலும் நாங்கள் கூடவே போக வேண்டும், அது எந்தக் காடாக இருந்தாலும் சரி என்று.

ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. ஆண்பிள்ளை உத்தியோக விஷயத்தில் பெண்கள் வாய் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். மாதாவிடம் சொன்னேன். தினமும் காலைப் பூசைக்குப் போய் முழங்காலில் நின்று சொன்னேன்.

மாமிக்குப் பஹ்ரைன்தான் பிடித்திருந்தது. காரணம் கேட்டால் ஒன்றல்ல, பத்துச் சொல்வார். அதில் பாதி காயல்பட்டினத்திலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர் கொடுத்தது. அவருடைய தம்பி பஹ்ரைனில் கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் விசாரிக்கட்டும் என்று மாமி ஒருநாள் அந்த வியாபாரியை வீட்டுக்கு வரவழைத்தார்.

"அது தீவு தம்பி" என்றார் வியாபாரி. "அங்கேயும் முத்துக்குளிச்ச ஆளுங்கதான். மூக்குல கிடுக்கி மாட்டிக்கிட்டு நம்ம ஆளுங்க மாதிரியே எறங்குவாங்க. இப்ப எண்ணெ வந்ததும் விட்டாங்க. மீனு நம்ம ஊரு மீனேதான்."

"கோவிலு உண்டா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"உங்க கோவிலா? இருக்கு, இருக்கு. ஞாயித்துக்கிழமைல உங்க ஆளுங்க கூட்டம் கூட்டமா போறதைத் தம்பி பாத்திருக்கான்."

மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா ஏலே, கோவிலும் இருக்கு, மீனும் இருக்கு. தோணிக்குப் போன மாரி போயிட்டு வா. பெண்டு பிள்ளைய இங்கன என்கூட கெடக்கட்டும். பொட்டப்பிள்ளையள ஆப்பிரிக்காவுல கொண்டுபோய் சிங்கத்துக்குக் குடுக்கப் போறியா?"

"சிங்கம் ஊருக்குள்ள வராதும்மா."

"நீ கண்டியா?"

நான் மோர் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை கோவிலில் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நாங்கள் சேர்ந்து போகும்படி ஆனால் வெள்ளியில் ஒரு விமானம் செய்து உன் பாதத்தில் வைக்கிறேன் தாயே என்று.

வெள்ளியில் உருச் செய்து வைப்பது எங்கள் பக்கம் வழக்கம். கண் நோவு தீர்ந்தால் கண், பிள்ளை பிறந்தால் தொட்டில், புயலில் தப்பி வந்தால் வள்ளம். காரியம் கைகூடின பிறகுதான் செய்துவைக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. மாதா கோவில் திருவிழாக் கொடி ஏறியாகிவிட்டது. திருவிழா முடிந்த கையோடு அவர் விடுமுறையும் முடிகிறது. முன்கூட்டியே செய்து வைத்துவிட்டால் மாதாவுக்கும் மறக்காது என்று ஒரு நினைப்பு. கொடியேற்றத்தின் மறுநாள் ஆசாரி கடைக்குப் போனேன்.

வெள்ளி வேலை செய்யும் அந்த ஆசாரி எல்லாக் கோவிலுக்கும் செய்து கொடுக்கிறவர். மேசைமேல் கண்ணும் கையும் காலும் வரிசையாகக் கிடந்தன.

"விமானமா?" என்றார். "வள்ளம் இருக்கு, வீடு இருக்கு, தலையிலேருந்து காலு வரைக்கும் முழுசா ஒரு ஆளு இருக்கு. விமானம் நான் அடிச்சதில்லயே தாயி."

"செஞ்சு தாங்க ஆசாரி. நீங்க பாத்திருப்பியளே."

"மேல போகயில பாத்திருக்கேன். அடிவயிறு மட்டும்தான் தெரிஞ்சது." பென்சிலை எடுத்து ஒரு அட்டையில் இரண்டு சிறகு போட்டார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "இதுல என்ஜினு எத்தன? எங்கன வைக்கணும்?"

எனக்கு என்ன தெரியும்?

"வீட்டுல அதுலயே வேல பாக்காவளே, கேட்டுட்டு வாங்க. மாதாவுக்குப் போற சாமான், ஏனோதானோன்னு செய்யமாட்டேன்."

அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். சாப்பாடு முடிந்து அவர் வழக்கம்போல் மாடிக்கு ஏறினார். பின்னாலேயே போனேன். வெயிலில் கப்பல்கள் அசையாமல் நின்றன.

"ஏங்க, பிளேனுக்கு எத்தன என்ஜினு?"

"எந்தப் பிளேனுக்கு?"

"பொதுவா."

"பொதுவான்னு ஒரு பிளேனும் கெடையாது. ரெண்டு உள்ளது உண்டு, மூணு உள்ளது உண்டு. எதுக்குக் கேக்க?"

"ஆசாரி கேக்காவ."

"ஆசாரிக்கு எதுக்குளா பிளேனு?"

சொன்னேன். அவர் சிரித்தார். அந்த விடுமுறையில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவருக்கே உரிய முறையில் விளக்க ஆரம்பித்தார். "பகரைனுக்குப் போறதுன்னா நாலு என்ஜினு, ரெக்கைக்கு அடியில தொங்கும். லுசாக்காவுக்கு நைரோபி வழியாப் போவணும், அதுக்கும் நாலுதான். ஆனா நாலும் வால்ல இருக்கும். நீ எந்தப் பிளேனுக்கு நேந்த?"

"நாம நாலு பேரும் ஏறுத பிளேனுக்கு."

அவர் சிரிப்பு நின்றது.

"அப்ப லுசாக்காவச் சொல்லுத."

"நான் ஊரு பேரு எதையும் மாதாட்ட சொல்லல."

"வேற எதுல நாலு பேரும் ஏற முடியும்?" சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "இத எப்ப நெனச்ச?"

"நீங்க வந்து எறங்குன அன்னைக்கு. சின்னவ உங்ககிட்ட கேட்டாளே, அப்ப."

"அன்னைக்கே என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"மாதாட்ட சொன்னேன்."

"மாதா எனக்குத் தந்தியா அடிப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அவரும் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ இங்கன அம்மாகூட, கோவில் பக்கத்துல, நிம்மதியா இருக்கேன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னா. கூட்டிட்டுப் போனா அழுதுருவேன்னு நெனச்சேன்."

"இங்கன இருந்துதான் அழுதேன்."

அவர் தன் மனதில் இருந்ததையும் அன்றைக்குத்தான் சொன்னார். அவருக்குப் பஹ்ரைன்மேல் ஆசை. பணத்துக்காக அல்ல. "மேற்க இருந்து பம்பாய்க்கு வாரவன், இங்கேருந்து லண்டனுக்குப் போறவன், எல்லாவனும் அதுக்கு மேலதான் போவான். எறும்பு ஊர்ற மாரி இராப்பகலா ஊர்ந்துகிட்டே இருக்கும். அங்கன உக்காந்து பேசுனாத்தான் படிச்சதுக்கு ஒரு இது. லுசாக்காவுல காலையில ஒண்ணு வரும், சாயங்காலம் ஒண்ணு வரும். மத்த நேரம் நான் என்ன செய்ய? மேகத்துக்கு விசிறி வீசவா?"

அவருடைய ஆசையைப் பிடுங்கிவிட்டு என் ஆசையை நடத்திக்கொள்கிறேனோ என்று அன்று முதல் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. செபமாலை சொல்ல உட்கார்ந்தால் மணி எங்கே விட்டேன் என்று தெரியாது. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். மாதாவே, நான் கேட்டது தப்பானால் கேட்காததுபோல் விட்டுவிடு என்றும் வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம், விட்டுவிடாதே விட்டுவிடாதே என்றும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவர் அந்த நாட்களில் மாடியை விட்டுத் துறைமுகத்துக்கே நடக்க ஆரம்பித்தார். காலையில் போனால் சட்டையெல்லாம் நிலக்கரித் தூசியும் உப்புமாகத் திரும்புவார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர் இலையில் இருந்த பொரித்த மீனுக்குச் சண்டை போட்டார்கள். மீனை இரண்டாகப் பிய்த்து இருவர் இலையிலும் வைத்தார். தலையைத் தூக்காமலே, "ஆசாரிட்ட வால்ல வைக்கச் சொல்லு" என்றார்.

நான் கரண்டியோடு நின்றேன். மாமி ரசத்தை ஊற்றிக்கொண்டு, "எந்த ஆசாரி? எந்த வாலு?" என்றார். நான் பிள்ளைகளுக்கு மீன்முள் எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். திருவிழா முடியட்டும், அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று பிறகு அவர் சொன்னார்.

ஆசாரிக்குத்தான் பிடிக்கவில்லை. "வால்லயா? பறக்குத சாமான் ரெக்கையால பறக்குமா வாலால பறக்குமா? ஆரு சொன்னா?" நான் சொன்னதை மதித்துச் செய்துதான் கொடுத்தார். வாலில் நாலு குண்டுமணி ஒட்டின மாதிரி, வயிறு உப்பி, வாய் கூராக, பார்க்க ஒரு பெரிய மீன்போல இருந்தது.

திருவிழா அன்று காலை கோவிலில் காணிக்கை வைக்க வரிசை வெளியே தெரு வரைக்கும் நின்றது. முன்னால் மாமி, பின்னால் நான், எனக்குப் பின்னால் பிள்ளைகளோடு அவர். மாதாவின் பக்கத்தில் வந்ததும் மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே வெள்ளியில் ஒரு வீடு. கதவு, இரண்டு சன்னல், மேலே சிலுவை. எனக்குத் தெரியாமல் மாமியும் ஒன்று நேர்ந்திருந்தார். அதே சமயம் என் கையில் இருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஏளா, இது என்ன மீனு?"

"மீனு இல்ல மாமி. விமானம்."

"எங்க போற விமானம்?"

கோவிலுக்குள், மாதாவுக்கு எதிரே நின்று, பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "லுசாக்காவுக்கு மாமி. நாங்க நாலு பேரும்" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி நெருக்கினார்கள். மாமி நகரவில்லை. என்னையும், எனக்குப் பின்னால் அவரையும் பார்த்தார். அழவோ ஏசவோ போகிறார் என்று நினைத்தேன். "அங்கன என்ன மீனு கெடைக்கும்?" என்று கேட்டார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். "அங்கன கடலு கெடையாதும்மா. சுத்தி எல்லாம் வேற நாடுதான்."

"கடலு இல்லாம ஒரு ஊரா?"

எனக்கும் அப்போதுதான் தெரியும். அங்கே வீடு எப்படி, கோவில் உண்டா, பூசை எந்த மொழியில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எது, பால் கிடைக்குமா என்று ஒவ்வொன்றாக அவரைக் குடைந்திருந்தேன். கடல் உண்டா என்று கேட்கவில்லை. ஊர் என்றால் வானம் இருக்குமா என்று யாராவது கேட்பார்களா? எங்களுக்குக் கடலும் அப்படித்தான். என் அப்பாவை எத்தனையோ மாதம் எங்களிடமிருந்து பிரித்து வைத்த கடல். அது இல்லாத ஊர் என்றதும் சந்தோஷம் வரவில்லை.

"நீங்களும் வாங்க மாமி" என்றேன். உதட்டளவில் சொல்லவில்லை. அந்த நிமிஷம்வரை அதை நினைத்துப் பார்க்காமல் இருந்தேனே என்றுதான் இருந்தது.

"பகரைன்னாலும் தீவு, வந்து கெடப்பேன். கடலு இல்லாத ஊருல போய் நான் எதப் பாத்துட்டு இருக்க?" கையிலிருந்த வெள்ளி வீட்டைப் புரட்டிப் பார்த்தார். "அவன் போவான், நீங்க மூணு பேரும் இங்கன இருப்பிய, வீடு நெறஞ்சு இருக்கும்னு நேந்துகிட்டேன். இப்ப இந்த வீட்ட எங்கன கொண்டுபோவ? மாதாட்ட கொண்டு வந்தத முந்தானையில முடிஞ்சு திருப்பிக் கொண்டு போறதா?" வெள்ளி வீட்டைத் தட்டில் வைத்தார். என் கையிலிருந்து விமானத்தையும் வாங்கி, முகம் தெருப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார். கும்பிட்டுவிட்டு எங்களுக்கு முன்னாலேயே வெளியே நடந்துவிட்டார். அன்று பிள்ளைகளை மட்டும் பலகாரம் வாங்கிக் கொடுக்கக் கூட்டிப்போனார்.

மறுநாள் காலையில் பூசை முடிந்து வந்தால் மாமியைக் காணோம். அப்புறம் ஒரு கடகம் நிறையச் சீலா மீனைச் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். "கல்லுப்பு எடு" என்றார். கிணற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீறி, உள்ளே உப்பைத் திணித்தார். நானும் கூட உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார். "கடலு இல்லாத ஊருல பிள்ளைய எதத் தொட்டுட்டுச் சோறு திங்கும்? நல்லாக் காஞ்சா கெட்டுப்போவாது. கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் போடு. ஒரே மாசத்துல காலி பண்ணிராத."

உப்பில் ஊறியதை இரண்டொரு நாளில் மாடியில் பாய் விரித்துப் பரப்பினோம். காக்கை விரட்ட ஆளுக்கொரு குச்சி. என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் புறப்பட்டார். "போயிட்டு வாரேம்மா" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். மாமி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ம்" என்றார்.

நான் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் அவர் நின்று திரும்பி மேலே பார்த்தார். ஏதாவது சொல்வேனோ என்று காத்து நின்றதுபோல் இருந்தது. நில்லுங்க என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் வந்திருப்பார். பஹ்ரைன் என்றே மாற்றி எழுதியிருப்பார், அவருக்கும் ஆசை, அவர் அம்மாவுக்கும் ஆசை. எனக்குப் பின்னால் மாமி குனிந்து நிமிரும்போது முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. கடற்காற்று கருவாட்டு வாடையை முகத்தில் அடித்தது. என் சின்ன மகள் ரயிலடியில் கேட்ட கேள்வி காதில் நின்றது.

கையை அசைத்தேன், போங்க என்று. அவர் போனார்.

"ஏளா, அங்கன காக்கை எறங்குது பாரு" என்றார் மாமி. நான் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.